தட்டிக்குப் பின்னால் பாடியவர்

1965, லண்டன். நியூ பாண்ட் தெருவில் இருந்த சி.பி.எஸ். ஸ்டூடியோ. 22 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் மடியில் கிடாரோடு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் தயார். ஆனால் ஆள் பாட மாட்டேன் என்கிறார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பாட்டு வராதாம். கடைசியில் அவரைச் சுற்றித் தட்டிகளை நிறுத்தி மறைத்தார்கள். அதன் பிறகுதான் குரல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் பத்துப் பாட்டும் முடிந்துவிட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பதிவைத் தயாரித்தவர் பால் சைமன். அப்போது அவர் லண்டன் நாட்டுப்புற இசைக் கிளப்புகளில் கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தவர், உலகப் புகழ் இன்னும் வந்திருக்கவில்லை. ஆர்ட் கார்ஃபங்கலும் அங்கே இருந்தார். 'யெல்லோ வால்ஸ்' என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் அல் ஸ்டூவர்ட் இரண்டாவது கிடார் வாசித்தார். மற்றபடி அந்த ஆல்பத்தில் ஒரு குரல், ஒரு கிடார், அவ்வளவுதான்.

பாடியவர் பெயர் ஜாக்சன் சி. ஃப்ராங்க். ஆல்பத்தின் பெயரும் அதுவே. 1999-ல் அவர் இறக்கும்வரை இன்னொரு ஆல்பம் வெளிவரவில்லை.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். ஆனால் கேட்டவர்களிடம் ஒரு விசித்திரமான பாசம் இருக்கிறது. டிலனைப் பிடித்தவர்கள் டிலனைப் பற்றிச் சண்டை போடுவார்கள். ஃப்ராங்கைப் பிடித்தவர்கள் சண்டை போடுவதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதை ஒரு தடவை கேட்டுப் பாரேன்" என்று நீட்டுவார்கள். கொடுத்துவிட்டுக் கேட்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடமாக இந்த ஆல்பம் பெரும்பாலும் இப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். ஃப்ராங்க் 1943-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பிறந்தவர். 1954 மார்ச் 31 அன்று சீக்டவாகா என்ற ஊரில் அவர் படித்த கிளீவ்லாண்ட் ஹில் பள்ளியில் தீ விபத்து. பள்ளியை ஒட்டி மரத்தால் கட்டியிருந்த கூடுதல் கட்டடத்தில் உலை வெடித்தது. அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது இசை வகுப்பு. 15 குழந்தைகள் இறந்துபோனார்கள். 11 வயது ஃப்ராங்க் உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோய் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பொழுது போக வேண்டுமே என்று ஓர் ஆசிரியர் கிடார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இசை வகுப்பில் தொடங்கிய நெருப்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடாரைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு சினிமாவில் இப்படிக் காட்சி வைத்தால், ரொம்ப நாடகத்தனமாக இருக்கிறது என்று சிரித்துவிடுவோம்.

21 வயதானதும் அந்த விபத்துக்கான இழப்பீடு கைக்கு வந்தது. ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அறுபதுகளின் நடுவில் அது எப்பேர்ப்பட்ட தொகை! வங்கியில் போட்டுவிட்டு வட்டியில் வாழ்நாளை ஓட்டியிருக்கலாம். 21 வயதில் யார் அப்படிச் செய்வார்கள்? ஃப்ராங்க் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். போவதற்கான காரணங்களில் கார் வாங்குவதும் ஒன்று. விலை உயர்ந்த கார்கள் வாங்கினார். நண்பர்களுக்குச் செலவழித்தார். பணம் சில வருடங்களில் கரைந்தது. இந்தச் செலவுக் கணக்கை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு 'உச்' கொட்டாமல் இருப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அந்தக் கப்பல் பயணத்தில்தான் அவர் 'ப்ளூஸ் ரன் தி கேம்' பாட்டை எழுதினார். அவர் பெயரை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த ஒரு பாட்டுதான். அந்தப் பணம் வந்திருக்காவிட்டால் அந்தக் கப்பலும் இல்லை.

பாட்டின் விஷயம் ரொம்ப எளிது. எந்த ஊருக்குப் போனாலும் துக்கமும் கூடவே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது என்று ஒருவன் சொல்கிறான். புலம்பல் கிடையாது, அழுகை கிடையாது. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரிச் சொல்கிறான். விரல்கள் கிடார் கம்பிகளில் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கின்றன. குரல் மட்டும் 22 வயதுக் குரலாக இல்லை, அதைவிட மூத்த யாரோ உள்ளே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது.

லண்டனில் அவர் பாடியபோது சோஹோ பகுதி கிரீக் தெருவில் 'லே கஸன்ஸ்' என்றொரு கிளப் இருந்தது. பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன், ராய் ஹார்ப்பர் என்று பின்னாளில் பெரிய பெயர்களான எல்லோரும் அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஃப்ராங்க் பாட்டுகள் தெரிந்திருந்தன. அப்போது நர்ஸாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஸாண்டி டென்னி என்ற பெண் சிறிது காலம் ஃப்ராங்கின் காதலி. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் பாடு என்று சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். இங்கிலாந்து நாட்டுப்புற இசைக்குக் கிடைத்த மிகச் சிறந்த குரல்களில் ஒன்று என்று பின்னால் பேசப்பட்டவர் ஸாண்டி. அவர் 1967-லேயே ஃப்ராங்கின் 'மில்க் அண்ட் ஹனி', 'யூ நெவர் வான்டட் மி' பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். காதல் முறிந்து வருடங்கள் கழித்து, 1971-ல் வெளியான தன் ஆல்பத்தில் 'நெக்ஸ்ட் டைம் அரவுண்ட்' என்று ஒரு பாட்டு வைத்தார். அது ஃப்ராங்கைப் பற்றியது. ராய் ஹார்ப்பர் தன் முதல் ஆல்பத்தில் 'மை ஃப்ரெண்ட்' என்று எழுதியதும் இவருக்காகத்தான்.

இன்னொருவரும் இருக்கிறார். அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் ஒரு கிராமத்து வீட்டில், டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கல்லூரி மாணவர் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடியவற்றில் நான்கு பாட்டு ஃப்ராங்க் ஆல்பத்தில் உள்ளவை. அந்த மாணவர் நிக் டிரேக். அவரும் தன் காலத்தில் யாராலும் கண்டுகொள்ளப்படாமல் 26 வயதில் இறந்துபோனவர். அந்த வீட்டுப் பதிவுகள் 2007-ல்தான் 'ஃபாமிலி ட்ரீ' என்று வெளிவந்தன. கேட்டால் தெரியும், பாட்டுக் கற்றுக்கொள்கிற பையன் குரல் அது. கற்றுக்கொள்ள எத்தனையோ பேர் ஆல்பம் கடைகளில் இருந்திருக்கும், அவர் எடுத்துக்கொண்டது இதை.

சரி, இத்தனை பேருக்குப் பிடித்த ஆல்பம் ஏன் விற்கவில்லை? பெரிய மர்மம் எதுவுமில்லை. ஆல்பம் இங்கிலாந்தில் வந்தது. ஆள் வெட்கப்படுகிறவர். அடுத்து என்ன என்று சந்தை கேட்டபோது கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு சரக்கை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. 1968-ல் திரும்பப் பாட வந்தபோது பழைய கிளப் கூட்டம் மாறிப்போயிருந்தது, மின்சார கிடார்களின் காலம். 1978-ல் 'ஜாக்சன் அகெய்ன்' என்று வேறு அட்டையில் அதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். பலனில்லை.

அதற்குள் அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பி, திருமணம் செய்து, குழந்தைகள் பிறந்து, ஒரு மகனை நோய்க்குப் பறிகொடுத்து, திருமணம் முறிந்து, மனநோய் வந்து, கையில் காசில்லாமல்... இதை ஒரே வாக்கியத்தில் சொல்வது அநியாயம்தான். நீட்டிச் சொல்வது அதைவிட அநியாயம். 1984-ல் பால் சைமனைத் தேடி நியூயார்க் நகரத்துக்குப் போனார். சந்திக்க முடியவில்லை. தெருவில் படுத்தார். விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் மாறி மாறி இருந்தார்.

இங்கேதான் அந்தப் பாசத்துக்கு ஒரு சோதனை வருகிறது. எங்கோ ஒருவர் இருட்டு அறையில் இவர் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பாடியவர் நியூயார்க் நடைபாதையில் கிடந்தார். கலங்கியவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

தெரிந்த ஒருவர் செய்தார். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வுட்ஸ்டாக் பக்கம் இருந்த ஜிம் அபட் என்ற ரசிகர், கல்லூரி ஆசிரியர் ஒருவரோடு நாட்டுப்புற இசை பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், ஜாக்சன் சி. ஃப்ராங்க் தெரியுமா என்று சும்மா கேட்டார். அந்த ஆசிரியர் ஃப்ராங்கின் பழைய கல்லூரி நண்பர். தெரியும், இப்போதுதான் அவரிடமிருந்து உதவி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது என்றார் அவர்! அபட் கிளம்பிப் போனார். அவருக்குத் தெரிந்தது ஆல்பத்தின் அட்டைப் படத்தில் இருந்த ஒல்லிப் பையன் மட்டும்தான். எதிரே பருத்த உடம்போடு நொண்டி நொண்டி வந்தவரைப் பார்த்து, இவராக இருக்க முடியாது என்றே நினைத்தார். ஃப்ராங்கின் சொத்து ஒரு பழைய சூட்கேஸ், உடைந்த மூக்குக்கண்ணாடி, சுருதி நிற்காத மலிவு கிடார். வந்த ரசிகருக்காக அதை எடுத்து அந்தப் பழைய பாட்டையே வாசித்துக் காட்ட முயன்றார். குரல் போய்விட்டிருந்தது.

வுட்ஸ்டாக்கில் தங்க இடம் ஏற்பாடானது. அங்கே போவதற்காகக் காத்திருந்த நாட்களில், க்வீன்ஸ் பகுதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்மேல் விளையாட்டுக்காகச் சில பையன்கள் பெல்லட் துப்பாக்கியால் சுட்டார்கள். இடது கண் பார்வை போனது. கோபப்படக்கூடத் தோன்றுவதில்லை, போதும் என்றுதான் தோன்றுகிறது. அபட் விடவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்டார், பாட வைத்தார், பின்னால் 2014-ல் அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். 1999 மார்ச் 3, தன் 56-வது பிறந்தநாளுக்கு மறுநாள், ஃப்ராங்க் இறந்துபோனார்.

இந்தக் கதை தெரிந்தபின் ஆல்பத்தைக் கேட்பவர்கள் ஒரு தப்புச் செய்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் நடைபாதையையும் போன கண்ணையும் தேடுகிறார்கள். 1965-ல் அதெல்லாம் எங்கே இருந்தது? தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கையில் காசும், நல்ல காரும், மெச்சுகிற நண்பர்களும் உள்ள 22 வயதுப் பையன். தீ விபத்தைப் பற்றி நேரடியாக ஒரு பாட்டுக்கூட அதில் கிடையாது. அன்று இறந்துபோன வகுப்புத் தோழியைப் பற்றி அவர் எழுதியதே எழுபதுகளில்தான். சோகக் கதைக்காகப் பாட்டை நேசிப்பது பாட்டுக்கும் மரியாதை இல்லை, ஆளுக்கும் மரியாதை இல்லை. நிக் டிரேக்குக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஸாண்டி டென்னிக்குப் பெரும்பகுதி தெரியாது, அவர் 1978-லேயே போய்விட்டார். அவர்கள் நேசித்தது பாட்டுகளை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கதை கேள்விப்பட்டு வருகிறவர்கள்தான் இன்று அதிகம். சினிமா வழியாக வருகிறவர்களும் உண்டு. வின்சென்ட் காலோவின் 'தி ப்ரவுன் பன்னி'யில் (2003) 'மில்க் அண்ட் ஹனி' ஒலித்தது. 2019-ல் வந்த 'ஜோக்கர்' படத்தில் 'மை நேம் இஸ் கார்னிவல்' வந்தது. முகமூடிகளும் திருவிழாவுமாக அந்தப் பாட்டு படத்துக்கு அப்படியே பொருந்திப்போனது. யார் பாடியது என்று தேடிப் போனவர்கள் இந்தப் பத்துப் பாட்டில் வந்து விழுந்தார்கள். அதே சமயம் 1965-ல் வந்த முதல் பதிப்பு இசைத்தட்டுக்குச் சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். பழைய பொருள் கை மாறும்போது லாபம் விற்றவருக்கு, பாடியவருக்குச் சல்லிக்காசு சேராது. வியாபாரம் அப்படித்தான்.

கேட்க நினைப்பவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் பாட்டில் தொடங்க வேண்டாம். 'மில்க் அண்ட் ஹனி'யில் தொடங்கலாம். மாறிப்போகிற பருவங்களைப் பற்றிய சின்னப் பாட்டு. பிறகு ஸாண்டி டென்னி பாடிய அதே பாட்டைக் கேளுங்கள். ஸாண்டியின் குரல் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துப் பாடுகிறது. ஃப்ராங்கின் குரல் இன்னும் அந்தத் தட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது.