அம்மாவின் மூன்று தலையணைகள்



இருதயம் என்னும் சொல்லைப் பிரசங்கபீடத்திலிருந்து எத்தனையோ முறை நான் உச்சரித்திருக்கிறேன். ஆயினும் மார்புக்குள் துடிக்கும் அந்தத் தசையைப் பற்றி நான் அறிந்திருந்தது சொற்பமே. அதை எனக்குக் கற்பித்தவர்கள் என் அண்ணனும் என் தாயாரும்.

மாரடைப்புக்குப் பிறகு அண்ணனுடைய இருதயம் தளர்ந்துபோயிற்று. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிலுள்ள இரத்தத்தில் 30 சதவீதத்தையே வெளியேற்றுகிறது என்று எக்கோ பரிசோதனை காட்டியது. அது 40 அல்லது அதற்கும் குறைவானால், சுருங்கும் வலுவை இழந்த இருதயம் என்றார் மருத்துவர். பீட்டா பிளாக்கர் உள்ளிட்ட நான்கு வகை மருந்துகளைத் தொடங்கி, சிலவற்றின் அளவைப் படிப்படியாக உயர்த்தினார். அண்ணன் இன்று ஆலயப் படிகளில் நிதானமாக ஏறிவருகிறார்.

அம்மாவின் காரியமோ வேறு. பல்லாண்டுகளாக இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் அவர்களுக்கு உண்டு. இரவில் மூன்று தலையணைகளை அடுக்கி, ஏறக்குறைய உட்கார்ந்தபடியே உறங்குவார்கள். மாலையில் பாதங்கள் வீங்கும். எக்கோ அறிக்கையில் 60 சதவீதம் என்று கண்டவுடன், "இருதயம் நன்றாயிருக்கிறது அம்மா, எல்லாம் வயதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள்.

ஒரு நள்ளிரவில் மூச்சுத்திணறி அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. அந்த இருதயம் நன்றாகவே சுருங்கியது. ஆனால் விறைத்துப்போயிருந்தபடியால், விரிந்து இரத்தத்தை ஏற்க அதற்குக் கூடவில்லை. அழுத்தம் பின்னோக்கி ஏறி, நுரையீரலில் நீர் கோத்தது. இதுவும் இருதயச் செயலிழப்பே. நீரை வெளியேற்றும் மாத்திரையும், இரத்த அழுத்தக் கட்டுப்பாடும், சர்க்கரை நோய்க்கென வந்து இருதயத்துக்கும் உதவும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்தும் அவர்களுக்குக் கைகொடுத்தன. ஊறுகாயும் கருவாடும் எங்கள் மேசையை விட்டு நீங்கின.

பிரியமானவர்களே, செவிகொடுத்துக் கேட்குமுன்னே ஆறுதல் சொல்லிவிட்டேன். அதுவே என் குற்றம். நீங்கள் சுகவீனரைச் சந்திக்கும்போது, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, எத்தனை தலையணை வைத்து உறங்குகிறீர்கள் என்று விசாரியுங்கள். இந்நோயுள்ளவர்கள் தினமும் காலையில் எடை பார்க்கட்டும். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்கட்டும். ஜெபியுங்கள், ஜெபித்தோம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடாதிருங்கள்.

இப்பொழுது அம்மா ஒரே தலையணையில் உறங்குகிறார்கள். இரவுதோறும் அதைப் பார்த்துவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லி விளக்கை அணைக்கிறேன்.