ஜமீன்தார் டென்ட்

ஒரு டென்ட்டுக்கு 850 பவுண்டு கொடுத்தேன் என்றால், "விலைக்கு வாங்கினாயா?" என்பீர்கள். இல்லை ஸார், வாடகை! ஐந்து ராத்திரிக்கு! அன்றைய கணக்கில் சுமார் எண்பத்தைந்தாயிரம் ரூபாய். அதுவும் பாட்டுக் கேட்கப் போன இடத்தில். பாட்டுக்கு டிக்கெட் தனி.

2016. கம்பெனி என்னை லண்டனுக்கு அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கூட ஒரே ரூமில் ஒரு மதுரைக்காரன். சாம்பார் அவன் பொறுப்பு, பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே கெட்ட பழக்கம், இங்கிலீஷ் பாட்டு. கல்லூரி நாளில் கேஸட் கேஸட்டாகத் தேய்த்தவர்கள். இங்கிலாந்து வரை வந்துவிட்டு கிளாஸ்டன்பரி பார்க்காமல் போனால் தலைமுறைக்கே பாவம் என்று முடிவு செய்தோம்.

தெரியாதவர்களுக்கு: கிளாஸ்டன்பரி என்பது சாமர்செட் மாவட்டத்தில், பில்டன் என்ற கிராமத்தில், ஒரு மாட்டுப் பண்ணையில் நடக்கும் திருவிழா. மைக்கேல் ஈவிஸ் என்ற பால்காரர் 1970-ல் ஆரம்பித்தார். அப்போது டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர். இப்போது இரண்டு லட்சம் பேர் வருகிறார்கள், பால் இலவசமில்லை. 2016 டிக்கெட் 228 பவுண்டு. முந்தின அக்டோபரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன் இரண்டு பேரும் குளிக்காமல் உட்கார்ந்து வாங்கினோம். அரை மணி நேரத்தில் அத்தனையும் காலி. தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

டிக்கெட் வாங்கினால் படுக்க இடம் உண்டு. இடம் என்றால் புல்தரை. டென்ட் நாம்தான் கொண்டுபோய் அடித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் எனக்கும் மதுரைக்காரனுக்கும் முதல் தகராறு.

நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். திருவிழா வேலிக்கு வெளியே, பக்கத்து வயல்களில், சில கம்பெனிகள் டென்ட் அடித்து, உள்ளே கட்டில், மெத்தை, ரஜாய், விளக்கு எல்லாம் போட்டு வாடகைக்கு விடுகின்றன. சுடுதண்ணீர் ஷவர். ஃப்ளஷ் டாய்லெட். பெண்கள் முடி உலர்த்திக்கொள்ளத் தனி டென்ட், கண்ணாடியோடு. இதற்கு 'கிளாம்பிங்' என்று பெயர். அதில் உச்சம், 'கேம்ப் கேரளா' என்று ஓர் இடம். ராஜாக்கள் வேட்டைக்குப் போகும்போது அடிப்பார்களே, அந்த மாதிரி நம் ஊர் ஷிகார் கூடாரங்கள், கம்பளம் எல்லாம் போட்டு. வாடகை பல ஆயிரம் பவுண்டு! ஆபீஸில் ஒரு பாலக்காட்டு நண்பரிடம் சொன்னேன். "கேரளாவில் நான் அந்த விலைக்கு ஒரு வருஷம் இருப்பேன்" என்றார்.

நான் பார்த்தது அவ்வளவு உசத்தி இல்லை. ஆனாலும் 850.

"பாதி 425 மாப்ளே. அஞ்சு நாள். முதுகு வலிக்காது" என்றேன்.

"425 பவுண்டுக்கு முதுகையே புதுசா மாத்திக்கலாம்டா" என்றான். கடைக்குப் போய் 30 பவுண்டுக்கு ஒரு டென்ட் வாங்கிவந்து, ஹாலில் விரித்து, அதற்குள் உட்கார்ந்து டீ குடித்துக் காட்டினான்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. முழு 850-ஐயும் நானே கட்டினேன். வறட்டு கௌரவம்தான். இரண்டு பேர் படுக்கும் கட்டில், நான் ஒருத்தன்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஆகஸ்டில் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா என்னிடம் எதுவும் கேட்பவரில்லை. முதல் தடவையாகக் கேட்டிருந்தார். "நாலு லட்சம் முழுசா வந்துருமில்லப்பா? 27-ம் தேதி திங்கட்கிழமை மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் கொடுத்தாகணும்." 4,000 பவுண்டு தனியாக எடுத்து வைத்திருந்தேன். பவுண்டு நூறு ரூபாயை ஒட்டி நின்றது. பட்டனைத் தட்டினால் போதும்.

தட்டவில்லை. ஏன்? 23-ம் தேதி வியாழக்கிழமை, இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு. எங்கள் ஆபீஸ் கேன்டீனில் பொருளாதார மேதைகளுக்குப் பஞ்சமில்லை. "எப்படியும் இருப்போம்னுதான் ஓட்டு விழும். பவுண்டு நூத்தி மூணுக்குப் போகும்" என்றார்கள். நாலாயிரத்தை மூன்றால் பெருக்கினேன். பன்னிரண்டாயிரம்! டென்ட் வாடகையில் கொஞ்சம் தேறிவிடும் என்று ஒரு அற்பக் கணக்கு.

"கிளம்புறதுக்கு முன்னால அனுப்பிவிட்ரு மாப்ளே. ஊர்ல எதிர்பார்ப்பாங்க" என்றான் மதுரைக்காரன். அவன் தன் வீட்டுக்கு மாசா மாசம் அனுப்புவதை செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டான். அதுமட்டுமில்லை, ஓட்டும் போட்டுவிட்டான். ஆமாம், காமன்வெல்த் நாட்டுக்காரன், அங்கே குடியிருப்பவன் என்பதால் எங்களுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது! அன்றைக்கு வயலில் இருப்போமே என்று அவன் முன்கூட்டியே தபால் ஓட்டுக்கு எழுதிப்போட்டிருந்தான். நான் டென்ட்டில் ஹேங்கர் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை கேஸில் கேரி ஸ்டேஷனில் இறங்கினோம். மழை. சாதாரண மழை இல்லை, பல நாளாகப் பெய்து, நிலம் இனிமேல் ஒரு சொட்டும் குடிக்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட பிறகும் பெய்த மழை. காரில் வருகிறவர்கள் மணிக்கணக்காக ரோட்டில் நின்றார்கள். தயவுசெய்து தாமதமாகக் கிளம்புங்கள் என்று விழாக்காரர்களே அறிவித்தார்கள். இத்தனை வருஷத்தில் இப்படிச் சேறு பார்த்ததில்லை என்று பெரியவர் ஈவிஸே சொல்லிவிட்டார். நம் ஊர் நாற்று நடவுக்கு உழுதுபோட்ட வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு லட்சம் பேர் ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்தால் எப்படி இருக்கும்? காலை எடுத்தால் பூட்ஸ் வராது, பூட்ஸை எடுத்தால் கால் வராது.

கேட் அருகில் பிரிந்தோம். அவன் தோளில் 30 ரூபாய் குடை மாதிரி ஒரு 30 பவுண்டு டென்ட். நான் இடது பக்கம் திரும்பி மேட்டு வயலுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் என் கையில் தனி நிறத்தில் ஒரு பட்டை கட்டி, பையை ஒரு பையனிடம் கொடுத்து, "வெல்கம் ஸார்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். மதுரைக்காரன் சேற்றில் ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

மெத்தை எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பொய் சொல்லமாட்டேன், பிரமாதம்! மழை கித்தான் மேல் தாளம் போட, ரஜாய்க்குள் சுருண்டு... கஷ்டப்பட்டு உறங்குவதில்தான் ஆத்ம திருப்தி என்று எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரி அந்தச் சேற்றில் படுத்துவிட்டு எழுதட்டும். 1520-ல் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் ராஜாவும் சந்தித்தபோது, யார் கூடாரம் ஒசத்தி என்று போட்டிபோட்டுத் தங்கச் சரிகைத் துணியில் அடித்தார்களாம். எனக்கு அந்த மனுஷர்களைப் புரிந்தது.

வியாழன் இரவு போனைச் சார்ஜ் போட கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலை எட்டரைக்கு எழுந்து, ஷவரில் குளித்து, தலை வாரிக்கொண்டு வெளியே வருகிறேன். கேட்டில் ஒரு சேற்றுப் பொம்மை நிற்கிறது. கண் மட்டும் தெரிகிறது.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன் தெரியுமா? ஆறரை மணிக்கு வந்தேன். உள்ள விடமாட்டேங்கிறான்" என்றது பொம்மை.

அவன் கையில் என் நிறத்துப் பட்டை இல்லை. காவலாளி பாவம், ரூல் என்றால் ரூல். எனக்கு போன் செய்து பார்த்திருக்கிறான். போன் கவுன்ட்டரில் சுகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"வெளியேறுறதுன்னு ஓட்டு விழுந்துருச்சு மாப்ளே. பவுண்டு படுத்துருச்சு. கேமரூன் ராஜினாமான்னு இப்பத்தான் ரேடியோல சொன்னான். பணம் அனுப்பிட்டியா, இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

முந்தின நாள் நூறை ஒட்டி இருந்தது, 92-க்கு வந்திருந்தது. டாலர் கணக்கில் 1985-க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. நாலு லட்சத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் துண்டு. என் கையிருப்போ, அந்த 850-ஐக் கட்டியதில் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது? "கொஞ்சம் குறையுதுப்பா, நான் மெத்தையில் தூங்கிவிட்டேன்" என்றா?

மதுரைக்காரன் சட்டைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தான். சேற்று விரலால் தட்டினான். தொடுதிரை வேலை செய்யவில்லை. விரலை என் வெளுத்த சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினான்.

"350 போட்டிருக்கேன். சேத்து இப்பவே அனுப்பு. இன்னும் எறங்கும்ங்கிறாய்ங்க. தீபாவளிக்குள்ள குடு."

அங்கேயே நின்று அனுப்பினேன். திங்கட்கிழமை அது இன்னும் இறங்கியது. அப்பாவுக்கு நாலு லட்சம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு இன்றுவரை இந்தக் கதை தெரியாது. இதைப் படித்தால்தான் உண்டு.

அப்புறம் இருவரும் பிரமிட் மேடைக்கு நடந்தோம். சிரியா நாட்டு இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது, டேமன் ஆல்பர்ன் வந்து வாக்கெடுப்பைப் பற்றிப் பேசினார். சுற்றி இளைஞர்கள் சிலர் அழுதார்கள். எங்கள் விசா என்ன ஆகுமோ என்று எங்களுக்கும் ஒரு கலக்கம்தான். ஆனால் எனக்கு அதைவிட, பக்கத்தில் நின்றவன் பல் கிட்டித்து நடுங்கியதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவன் டென்ட்டில் ஒரு பாதி குளமாம்.

பரிகாரமாக ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் என் ரஜாயைச் சுருட்டி, ரெயின்கோட்டுக்குள் வைத்து, ஏழு மாச கர்ப்பிணி மாதிரி காவலாளியைக் கடந்தேன். அவன் என் வயிற்றைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், "என்ஜாய்" என்றான். கடைசி நாள் அந்த ரஜாயைத் திருப்பிக் கொண்டுபோனபோது, அது ரஜாய் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 40 பவுண்டு அபராதம்.

சனிக்கிழமை ராத்திரி, அடெல் பாடி முடித்ததும், "நானும் உன் டென்ட்லயே படுத்துக்கிறேன்டா" என்றேன். உருக்கமாகத்தான் சொன்னேன்.

"எங்க படுப்ப? என் தலைமாட்டுலயா, தண்ணியிலயா? போ, போய் உன் மெத்தையில படு. காசு குடுத்திருக்கேல்ல?"

போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் தூங்கினேன்.

ஞாயிறு கோல்ட்ப்ளே. இரண்டு லட்சம் பேர் ஊரில் மேடை முன் நின்ற அத்தனை கைகளிலும் அவர்கள் கொடுத்த பட்டைகள் ஒரே நேரத்தில் பளிச் பளிச்சென்று மின்னின. கடைசியில் ஈவிஸ் தாத்தாவே அரை டிராயரோடு மேடைக்கு வந்து பாடினார். எங்கள் இரண்டு பேர் கையிலும் ஒரே பட்டை. அதை மட்டும் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த நாளிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஜமீன்தார்'தான். 2017-ல் பஹாமாஸ் தீவில் ஃபயர் ஃபெஸ்டிவல் என்று ஒன்று நடந்தது, அதாவது நடக்காமல் போனது. சொகுசு வில்லா என்று ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு, புயல் நிவாரணக் கூடாரத்தையும் நனைந்த மெத்தையையும் காட்டினார்கள். நடத்தியவருக்கு அடுத்த வருஷம் ஆறு வருஷ சிறைத் தண்டனை. செய்தி வந்த அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு போன்: "ஜமீன்தார், பஹாமாஸ்ல ஏதும் மெத்தை புக் பண்ணலையே?"

2019-ல் மறுபடி போனோம். இந்தத் தடவை அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. "சேத்துல படுக்க என்னால முடியாது. நல்ல டாய்லெட் இல்லாட்டி நான் வரலை" என்று அவன் மனைவி சொல்லிவிட்டாராம். பதில் பேசாமல் புக் பண்ணினான். நான் பார்த்ததைவிட ஒரு படி உசத்தி. நான் 40 பவுண்டு டென்ட் வாங்கி, வேலியோரம் மரநிழலில் அடித்தேன்.

அந்த வருஷம் ஒரு சொட்டு மழை கிடையாது. வெயில்! 30 டிகிரிக்கு ஏறியது. காலை ஏழு மணிக்கெல்லாம் கித்தான் கூடாரம் இட்லிப் பானையாகிவிடும்.

சனிக்கிழமை காலை என் டென்ட் வாசலில் ஒரு நிழல். தலையில் ஈரத்துண்டு, கையில் தலையணை.

"மாப்ளே, உன் மரத்தடியில கொஞ்சம் எடம் இருக்கா?"

"வாங்க ஜமீன்தார்" என்று நகர்ந்து படுத்தேன். "தங்கச்சி எங்கே?"

"அவ வரமாட்டாளாம். டாய்லெட் பக்கத்துலயே இருக்காம், வெயிலைப் பொறுத்துக்கிறாளாம்."

படுத்த ரெண்டாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.