சியோலில் ஒரு காலி ஸீட்!

"ஜனவரியிலே வராதேடா, விறைச்சுப் போயிடுவே!" என்று நண்பன் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். ஆனால், மலிவாக டிக்கெட் கிடைத்தால் எரிமலைக்குள்ளும் குதிக்கிற ரகம் நான். படித்தது பி.காம். ஆயிற்றே! 2024 ஜனவரியில், மூன்று ஸ்வெட்டருக்கு மேல் இரவல் கோட்டு ஒன்றையும் மாட்டிக்கொண்டு, பாதி கட்டிய மெத்தை மாதிரி இன்சியோன் ஏர்போர்ட்டில் போய் இறங்கினேன்.

நண்பன் என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவன். இப்போது கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்காரர்களுக்குக் கொரியா பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. இவனையும் இரண்டு வருஷத்துக்கு சியோலுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வெளியே மைனஸ் பத்து டிகிரி. மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் நண்பனின் ஒற்றை அறைக்குள் நுழைந்ததும் உள்ளங்காலில் இதமாகச் சூடு! 'ஒண்டோல்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் சமையல் அடுப்பின் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். இப்போது குழாயில் வெந்நீர் ஓடுகிறது. அன்றிரவு தோசைக்கல்லில் தோசை மாதிரி திரும்பித் திரும்பிப் படுத்துத் தூங்கினேன்.

"வாடகை எவ்வளவுடா?" என்றேன். "அதைக் கேட்காதே, கண்ணுல தண்ணி வரும்" என்றவன், 'ஜொன்ஸே' என்று ஒரு முறையைச் சொன்னான். பெரிய தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்பி வரும். "அட, இது நம்ம ஊர் ஒத்திடா!" என்று கத்திவிட்டேன். அந்தப் பணத்தைத் திருப்பித் தராமல் ஏமாற்றிய வீட்டுக்காரர்கள் கதை 2022, 2023-ல் அங்கே பெரிய விவகாரமாம். ஆக, ஒத்தி மட்டுமல்ல, அதில் வரும் வில்லங்கமும் ஒன்றுதான்.

இன்னொரு ஒற்றுமை, பார்த்தவுடன் வயசு கேட்பது! நண்பனின் ஆபீஸ் சகாக்கள் கை குலுக்கிய கையோடு கேட்டார்கள். காரணம் இருக்கிறது. யார் பெரியவர் என்று தெரிந்தால்தான் நாம் 'நீ', 'நீங்க' போடுகிற மாதிரி வினைச்சொல்லுக்கு மரியாதை விகுதி போட முடியும். அவர்களின் பழைய கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயசு. ஜனவரி முதல் தேதி வந்தால் எல்லாருக்கும் ஒன்று கூடும். டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு! 2023 ஜூனில் அமலுக்கு வந்த சட்டத்தால் பெரும்பாலான ஆபீஸ் காரியங்களுக்கு நம்ம கணக்கையே வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் ஒரு தேசமே இளமையாகிவிட்டது. ஹூம், நமக்கு யார் செய்வார்கள்?

சாப்பாடு? சாம்பார் இரண்டாவது தடவை கேட்டால் முறைக்கும் ஓட்டல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே சின்னச் சின்னக் கிண்ணத்தில் வரும் தொடுகறிகளை எத்தனை தடவை கேட்டாலும் சிரித்த முகமாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள், காசும் கிடையாது. ஆனால் சைவர்கள் ஜாக்கிரதை! அப்பாவியாக இருக்கும் கிம்ச்சிக்குள் பெரும்பாலும் மீன் சாறோ, இறால் உப்போ ஒளிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சைவனான நான், மூன்று கிண்ணம் காலி பண்ணிய பிறகுதான் நண்பன் இதைச் சொன்னான், பாவி!

க்யொங்போக்குங் அரண்மனைக்குப் போனோம். 1395-ல் கட்டியது. கொரியாவை ஆண்ட ஜப்பானியர்கள் அதன் முன்பகுதியில் ஒரு பிரமாண்ட அரசாங்கக் கட்டடத்தை எழுப்பி, 1926-ல் திறந்தார்கள். விடுதலை கிடைத்து ஐம்பது வருஷம் கழித்து, 1995-ல் ஆரம்பித்து அதை இடித்துத் தள்ளினார்கள். கொரிய உடை அணிந்து போனால் நுழைவுக் கட்டணம் இலவசம் என்பதால், உடையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அங்கே நின்றிருந்தபோது பின்னாலிருந்து "அப்பா!" என்று ஒரு மழலைக் குரல். திடுக்கிட்டுத் திரும்பினேன். மூன்று வயசுக் கொரியக் குட்டி, அதன் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுக்கும் அப்பா அப்பாதான்! கல்யாணம் ஆகாத எனக்கு இரண்டு நிமிஷம் படபடப்பு அடங்கவில்லை.

செங்யேசன் ஓடையையும் பார்த்தேன். ஒரு காலத்தில் சாக்கடை. கான்க்ரீட் போட்டு மூடி, மேலே மேம்பாலம் கட்டினார்கள். 2003-ல் பாலத்தை இடிக்க ஆரம்பித்து 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், கண்ணாடி மாதிரி தண்ணீர். கூவத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். "ரொம்ப உருகாதே, தண்ணியில பெரும்பாலும் ஹான் நதியிலேர்ந்து பம்ப் பண்றது" என்றான் நண்பன். இருக்கட்டும், பம்ப் போடவாவது ஒருத்தருக்குத் தோன்றியதே!

இதெல்லாம் மேடு. பள்ளத்துக்கு வருகிறேன்.

மெட்ரோ ரயிலில் முதல் நாள் எனக்கு ராஜ மரியாதை. நல்ல கூட்டம், ஆனால் என் பக்கத்து ஸீட் மட்டும் காலி. 'விருந்தாளிக்கு எவ்வளவு மதிப்பு!' என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாள், ஆபீஸ் பையோடு ஓர் இளைஞர் அந்த ஸீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் உறைத்தது. நைஸாக என் கோட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். நாற்றம் ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி ஒரு பாட்டு விடுதி வாசலில் காவலாள் கையை நீட்டித் தடுத்தான். "ஃபாரினர் நோ." எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் உள்ளே போய்விட்டிருந்தார். நண்பன் கொரிய மொழியில் ஏதோ கேட்டான். பதிலாகக் கதவு மூடிக்கொண்டது. "விடுடா, எல்லாரும் இப்படியில்லே" என்றான். அந்த மைனஸ் பத்திலும் எனக்குக் காது சுட்டது.

மறுநாள் வந்தது கிளைமாக்ஸ். இரண்டாம் நம்பர் லைன் ஒரு வட்டம். சுமார் 49 கிலோமீட்டர் நகரைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கோயில் பிரகாரம் மாதிரி! ஹாங்டேயில் இறங்கி மேலே வந்து பார்த்தால் தோளில் பை இல்லை. பாஸ்போர்ட், பர்ஸ், கடன் வாங்கிய காமிரா எல்லாம் பிரதட்சணம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நண்பன் ஸ்டேஷன் ஊழியரிடம் ஓடினான். எந்தத் திசை ரயில், எத்தனை மணி, எந்தக் கதவு என்று கேட்டார்கள். பிளாட்பாரத்துக் கதவுகள் எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. எஸ்கலேட்டருக்கு நேராக இறங்கும் பழக்கம் இருந்ததால் அவனுக்கு நம்பர் ஞாபகம் இருந்தது. போன் பறந்தது. அடுத்த நாற்பது நிமிஷத்தில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

நாலைந்து ஸ்டேஷன் தள்ளி யாரோ ஒப்படைத்திருந்தார்கள். ஊழியர் பாஸ்போர்ட் போட்டோவையும் விறைத்த என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் எதிரிலேயே நோட்டுகளை எண்ணி, இரண்டு கைகளாலும் பையை நீட்டினார். ஒரு வான்கூடக் குறையவில்லை. "யார் கொடுத்தது?" என்று கேட்கச் சொன்னேன்.

"ஓர் அம்மா. பேர் சொல்லலே. 'வெளிநாட்டுப் பையன், பயந்து போயிருப்பான், சீக்கிரம் கண்டுபிடிச்சுக் குடுங்க'ன்னாங்களாம்."

அந்தப் பெட்டியிலும் என் பக்கத்து ஸீட் காலியாகத்தான் இருந்தது. எதிரில் வெங்காயத்தாள் கட்டோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர்தானா, தெரியாது. பக்கத்தில் உட்காரத் தயங்கிய ஊரும், பையைப் பத்திரமாகத் திருப்பித் தந்த ஊரும் ஒரே ஊர்தான். எதை டெபிட்டில் எழுதுவது, எதை கிரெடிட்டில் எழுதுவது என்று விமானத்தில் முழுக்க யோசித்தேன். டாலி ஆகவில்லை.

சென்னை வந்த மறுவாரம், தாம்பரம் போகும் மின்சார ரயில். சாயங்காலக் கூட்டம். பெயிண்ட் கறை படிந்த சட்டையோடு ஒரு வடநாட்டுத் தொழிலாளி, இருபது வயசு இருக்கும். அவன் பக்கத்து ஸீட் காலி. சுற்றி நாலைந்து பேர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். போன மாசம் வரைக்கும் நானும் அப்படி நின்றவன்தான்.

போய் உட்கார்ந்தேன். அவன் அவசரமாகத் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தான்.

"நல்லா உக்காருங்கண்ணா" என்றான், தமிழில்.