நிறத்தின் பெயரும் நிரலின் பிழையும்

கைப்பேசித் திரையில் நாளும் காணும் நிறங்கள் யாவும் கணினிக்கு வெறும் எண்களே. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளுக்கும் 0 முதல் 255 வரை அளவு குறித்தால் 16,777,216 நிறங்கள் பிறக்கும். அவற்றுள் எது எச்சரிக்கை, எது ஆறுதல், எது கண்ணுக்கு உகந்தது என்பதைக் கணினி அறியாது. அறிபவன் மனிதனே. ஆதலின், செயலிகளுக்கு நிரல் எழுதுவோர் நிறங்களுக்குப் பெயரிட்டு, அவற்றை ஒரு தனிக் கோப்பில் பட்டியலாகத் தொகுத்து வைக்கின்றனர். ஆண்ட்ராய்டு முறையில் இது நெடுநாளைய வழக்கம்.

இவ்வழக்கத்தின் அருமை இருளில் விளங்கும். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, கைப்பேசி முழுமைக்கும் உரிய இருள் தோற்றத்தைக் கொணர்ந்தது. ஒரே பெயருக்கு ஒளித் தோற்றத்தில் ஒரு நிறமும் இருள் தோற்றத்தில் மற்றொரு நிறமும் குறித்து வைத்தால், பெயரை ஆண்ட இடங்களிலெல்லாம் நிறம் தானே மாறும். அவசரத்தில் பெயரை விடுத்துக் கருமையின் எண்ணை நேரே எழுதிவிட்ட இடத்திலோ, கரிய பின்னணியில் கரிய எழுத்து மறைந்துபோகும். மருந்துண்ணும் வேளையை நினைவூட்டும் ஒரு செயலியில் அவ்வெழுத்து மறையுமாயின், நள்ளிரவில் அதனைத் திறக்கும் முதியவர் என் செய்வார்? எழுதியவருக்குச் சிறு கவனக்குறைவு. படிப்பவருக்கோ அது பெருந்துன்பம்.

அச்சேறும் முன் நூலுக்கு மெய்ப்புப் பார்ப்பது போல, இயங்கும் முன் நிரலுக்கும் மெய்ப்புப் பார்க்கும் கருவிகள் உள்ளன. நிரலை ஓடவிடாமலே வரிவரியாகப் படித்து ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டுவது அவற்றின் பணி. 1978ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களுக்காக இத்தகைய கருவி ஒன்றை ஆக்கி, அதற்கு 'லிண்ட்' எனப் பெயரிட்டார். துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசியைக் குறிக்கும் சொல் அது. ஆண்ட்ராய்டு நிரல்களைச் சோதிக்கும் கருவியும் அப்பெயரையே தாங்கியுள்ளது.

அக்கருவி சுட்டும் பிழைகளுள் ஒன்று மிக நுட்பமானது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது நிறமன்று; நிறம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறியே. நிறத்தின் அளவைக் கேட்கும் இடத்தில் புதிய நிரலர் அவ்வடையாள எண்ணைக் கொடுத்துவிடுவதுண்டு. நூலைக் கேட்டவரிடம் நூலகப் பட்டியல் எண்ணை நீட்டுவது போன்றது இது. இரண்டும் எண்களாதலின் மொழிமாற்றி தடை சொல்லாது. செயலியும் நின்றுவிடாது. ஆனால், எவரும் எண்ணாத நிறம் ஒன்று, பெரும்பாலும் பாதி ஒளி ஊடுருவும் மங்கல் நிறம், திரையில் தோன்றும். ஓசையின்றி நிகழும் இப்பிழையை இயக்கத்திற்கு முன்பே கருவி கண்டு சொல்கிறது. இவ்விடத்திற்கு வேண்டுவது நிறத்தின் அளவா, அடையாள எண்ணா என்பதை நிரலர் குறித்து வைத்தால், அதன் பார்வை மேலும் கூர்மை பெறும். பட்டியலில் இருந்தும் எங்கும் ஆளப்படாத பெயர்களையும் அது காட்டும். நேரே எழுதப்பட்ட நிற எண்களைத் தடுக்க விரும்பும் குழுவினர், தாமே ஒரு விதி எழுதிச் சேர்க்கவும் இடமுண்டு.

எனினும், கருவியின் எல்லையை உணர்தல் வேண்டும். பிழைச்செய்திக்குரிய நிறத்திற்குச் 'சிவப்பு' என்று பெயரிட்டால், நாளை அந்நிறம் மாறும்போது பெயர் பொய்யாகும். 'பிழைச்செய்தி நிறம்' என்று காரணப்பெயர் இட்டால் அது நிலைக்கும். பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு, அது பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரியாது. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது, 2008இல் வெளிவந்த அனைத்துலக வலை அணுகல் வழிகாட்டி. எந்த எழுத்து எந்தப் பின்னணியில் அமையும் என்பது பல வேளைகளில் செயலி இயங்கும்போதே தெரியும். அதனை நிரலை மட்டும் படித்து அறிதல் அரிது.

இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கையை வாயடைக்கும் வழியையும் இக்கருவிகள் வைத்திருக்கின்றன. தக்க காரணத்தோடு ஓரிடத்தில் அதனை ஆள்வது முறையே. வேலையை விரைந்து முடிக்க வேண்டி எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கிவிடுவது, திருத்திய ஏட்டைத் திறந்து பாராமலே பைக்குள் வைக்கும் மாணவன் செயலை ஒக்கும். சிவப்பு மையால் இட்ட கோடு ஏட்டைத் திருத்துவதில்லை. மாணவன்தான் திருத்த வேண்டும். கருவி சுட்டிய வரியைத் திருத்தியபின், இருள் தோற்றத்தில் ஒருமுறை தன் கண்ணாலேயே திரையைப் படித்துப் பார்க்கும் நிரலரே, அம்முதியவருக்குச் செய்ய வேண்டிய கடமையை முழுமையாகச் செய்தவராவார்.