சொக்கட்டில் பொருந்தினால் போதாது

புத்தளம் களப்போரத்தில் கணினி திருத்துகிறவருக்குத் தூசியைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. பாலாவி உப்பளங்களைத் தாண்டிக் கற்பிட்டி வீதியில் ஒரு சின்னக் கடை. அங்கே திறந்து கிடந்த மெஷின்களில் யூ.எஸ்.பி. வாய்களைச் சுற்றி வெள்ளை பூத்திருந்தது, ஸ்க்ரூத் தலைகள் துருவேறியிருந்தன, செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு. "எத்தனை வருஷப் பழசு எண்டு நான் கேக்கிறதில்ல சேர், எந்த ஊரால வந்தது எண்டுதான் கேப்பன்" என்றார் கடைக்காரர். கண்டக்குளிப் பக்கத்து மெஷின் என்றால் திறக்குமுன்பே அற்ககோல் போத்தலை எடுத்து வைத்துவிடுவாராம்.

எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிடுகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வந்து தங்கியது புத்தளத்தில்தான். நானாவின் வாப்பாவும் அப்படி வந்தவர். ஊரில் ரேடியோ திருத்தியவராம்.

நான் போன அன்று மேசையில் இருந்தது ஓர் ஓல்-இன்-வன், திரைக்குப் பின்னாலேயே முழுக் கணினியும் அடங்கிய வகை. கற்பிட்டியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கொண்டுவந்தது. உள்ளே இரண்டாம் தலைமுறை ஐ3-2120. "ஐ7 போட்டுத் தாங்க நானா, ஃபைல் திறக்கிறதுக்குள்ள ஆக்கள் எழும்பிப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பது எளிது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிய பிறகு இப்படிப்பட்ட கடைகளில் யாரும் அதைக் கேட்பதில்லை.

ஐ7-2600க்கு நானா சம்மதிக்கவில்லை. பவர் அடப்டரைத் திருப்பிக் காட்டினார். 120 வாட். புரொசஸர் ஒன்றுக்கே 95 வாட் கணக்கு வைத்தால் திரைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் மற்றவைக்கும் என்ன மிஞ்சும்? சூட்டை இழுக்க உள்ளே இருப்பதும் ஒரு செம்புக் குழாயும் ஒற்றை விசிறியும்தான், அதுவும் 65 வாட்டுக்கு அளந்து வைத்தது. அதனால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து பாவித்த ஐ5-3470எஸ் ஒன்றை எடுப்பித்திருந்தார். நாலு கோர், 65 வாட், அதே 1155 சொக்கட். கடதாசியில் எல்லாம் சரி.

பழைய சாரனை நாலாக மடித்து விரித்துத் திரையைக் குப்புறக் கிடத்தினார். பின்மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவில்லை, ரீலோட் கார்டை இடுக்கில் விட்டு ஓரம் ஓரமாக இளக்கினார். புரொசஸர்மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைத் துடைத்து, பழையதைக் கழற்றி, சொக்கட்டுக்குச் சாய்வாக டோர்ச் அடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். 1155 பின்களில் ஒன்று மட்டும் வளைந்திருந்தாலும் அதன் மினுக்கம் வரிசையிலிருந்து பிசகித் தெரியுமாம். பிசகு இல்லை. புதியதை வைத்துப் பூட்டினார்.

விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரை கறுப்பு.

இந்த இடத்தில்தான் பலர் "போர்ட் போயிட்டு" என்று சொல்லிக் கையைக் கழுவுவார்கள். நானா ரெம் இரண்டையும் கழற்றி, முனைகளை ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தார், பிறகு மற்றதை. பலனில்லை. மூன்று வோல்ட் இருக்கவேண்டிய பொத்தான் பட்டரி 2.6 காட்டியது. அதை மாற்றியும் திரை வரவில்லை. பிறகு பழைய ஐ3ஐத் திரும்ப மாட்டினார். திரை வந்துவிட்டது!

அந்த ஒரு செயலால் போர்ட், திரைக் கேபிள், அடப்டர் மூன்றின் மேலும் இருந்த சந்தேகம் தீர்ந்தது. மிச்சம் புரொசஸர்தான். அதையும் மூலையில் வைத்திருந்த பரிசோதனைப் போர்டில் மாட்டிப் பார்த்தார். பிசகின்றி ஓடியது. இரண்டும் நல்லவை, ஆனால் ஒன்றை ஒன்று தெரியாது.

பயோஸ் திரையில் தேதி 2011 என்றிருந்தது. மூன்றாம் தலைமுறை புரொசஸர் வந்ததே 2012இல். ஆறாம் வரிசை சிப்செட் போர்டுகள் அதை ஏற்க பயோஸ் புதுப்பிப்பு வேண்டும், கூடவே மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உள் மென்பொருளும் 7இலிருந்து 8க்கு ஏற வேண்டும். இந்த மொடலுக்கு அப்படி ஒன்று வெளிவரவே இல்லை.

யாரோ திருத்திய பயோஸை எழுதிப் பார்க்கலாமே என்றேன். "எழுதி முடியுமுன்ன கரண்ட் போனா?" என்றார். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்டதை அவர் மறக்கவில்லை.

லாச்சியில் இருந்த ஐ5-2400எஸ் கைகொடுத்தது. அதே இரண்டாம் தலைமுறை, நாலு கோர், 65 வாட். கொஞ்சம் தயங்கித் திரை வந்தது. நானா உடனே மூடவில்லை. புரொசஸரை முழுப் பாரத்தில் ஓடவிட்டு, சூடு 80 பாகைக்குக் கீழே நிற்கிறதா என்று தேத்தண்ணி குடித்தபடி பார்த்திருந்தார்.

பிறகு, அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டார். என்னைக் கேட்டால் அந்த மெஷினுக்கு உயிர் வந்தது இதனால்தான். ஃபைல் திறக்கத் தாமதம் செய்தது டிஸ்க், ஐ3 அல்ல. "அதை முதல்லயே சொன்னன் சேர். ஆக்களுக்கு ஐ7 எண்ட சொல்லுலதான் நம்பிக்கை."

பின்னேரம் அக்கா வந்து பார்த்துவிட்டு, விண்டோஸ் 11 போடலாமா என்று கேட்டார். எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெலை மைக்ரோசொஃப்ட் ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது என்று நானா ஒளிக்காமல் சொன்னார். வங்கிக் கணக்கை இதில் திறக்க வேண்டாம், டைப்பிங்கும் பிரின்டும் மட்டும் பாருங்கள் என்றார். எடுப்பித்த 3470எஸ்ஸுக்கு அக்காவிடம் காசு கேட்கவில்லை. அது பரிசோதனைப் போர்டிலேயே இருந்தது. முந்தலில் இறால் பண்ணைக் கணக்குப் பார்க்கும் ஒருவர் மலிவாக ஒரு டெஸ்க்டொப் கேட்டிருந்தாராம், போர்டோடு சேர்த்துக் கேஸில் பூட்டி அவருக்குக் கொடுக்கப்போகிறாராம்.