ஐந்து வேலைகள், ஒரு மோட்டார்

தீப்பெட்டி ஆபீசுக்குள் நுழைந்ததும் என் கண் மோட்டாரைத் தேடும். சுவரில் ஓடும் மின்வயர் எந்த அறையில் போய் முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். டீ, பில் கட்டு, கணக்கு நோட்டு எல்லாம் அதற்குப் பிறகு. கோவில்பட்டிப் பக்கம் வரி ஆலோசகராக இருப்பவனுக்கு இது தொழில் பழக்கம்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18. கையால் செய்தது எது? விடை, அறிவிக்கையில் விகிதத்தை ஒட்டி ஒரு விளக்கமாக இருந்தது. சட்டத்தில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் போடுவது; இந்த ஐந்தில் ஒன்றுகூட வழக்கமாக மின்விசையால் நடக்கக் கூடாது. (சட்டம் என்றால் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குக் குச்சி செருகும் மரச்சட்டம். எனக்கு வேறு சட்டம். தமிழ் எங்கள் இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து வேடிக்கை பார்க்கிறது.)

சிறிய ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் அப்போது கேட்டார்: "லேபிள் ஒட்ட மட்டும் ஒரு மிஷின் வாங்கலாம்னு பாக்கேன் தம்பி. என்ன சொல்லுதீய?"

"வாங்கலாம் அண்ணாச்சி. ஆனா 5 போயி 18 ஆயிரும்."

"லேபிளுக்கா?"

"மொத்தப் பெட்டிக்கும்."

அவர் மிஷின் வாங்கவில்லை. வாங்காதே என்று எந்த மந்திரியும் அவரிடம் சொல்லவில்லை, எந்தத் திட்ட அறிக்கையிலும் அது இல்லை. விளக்கத்தில் இருந்த 'ஒன்றுகூட' அந்த வேலையைச் செய்து முடித்தது. அதே சொல்தான் ஒட்டும் மேசையில் இருந்த பெண்களின் கூலியையும் காப்பாற்றியது. அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தொழில் பிறந்ததே ஒரு வரியின் நிழலில்தான். 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் சுங்க வரி போட்டார்கள். நோக்கம் கஜானா. இந்தப் பக்கத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த காலமும் அதுவே. இறக்குமதிப் பெட்டி விலை ஏற, உள்நாட்டில் பெட்டி பெருகியது. பெருகப் பெருகச் சுங்க வருமானம் சரிந்தது. 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கே கலால் வரி வந்தது. வருமானத்துக்காகப் போட்ட வரி ஒரு தொழிலை வளர்த்துவிட்டு, பிறகு அதனிடமே வசூலுக்குப் போய் நின்றது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023-இல், 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தபோது எனக்கு அந்த 1922 நினைவுக்கு வந்தது. இம்முறை கஜானாவுக்காக இல்லை.

'கையால் செய்தது' என்பதற்குக் கலால் காலத்தில் இருந்த விளக்கமே ஏறக்குறைய அப்படியே ஜிஎஸ்டிக்குள் வந்தது. அதை உயிரோடு வைத்திருந்தது இரண்டு விகிதங்களுக்கு நடுவே இருந்த 13 சதவீதப் பள்ளம். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்றானதும் விளக்கத்துக்கு வேலை போயிற்று. மிஷின் வைத்திருந்தவர்களுக்கு 18-இலிருந்து குறைந்தது; கையால் செய்தவர்களுக்கு 5-இலிருந்து ஏறியது. பெட்டி விலையோ 2021 டிசம்பர் வரை ஒரு ரூபாயிலேயே நின்றது. பிறகுதான் இரண்டு ரூபாய்.

2025 செப்டம்பர் 22 முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் 5. அண்ணாச்சி போனில் சிரித்தார். "இப்பமாவது வாங்கலாமா?"

பழைய தடை இல்லை, புதிதாக ஒரு கணக்கு வந்திருந்தது. மெழுகும் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் 18 சதவீதத்தில் வருகின்றன, பெட்டி 5-இல் போகிறது. கொள்முதலில் கட்டிய வரிக்கான கிரெடிட் நடுவில் தேங்கினால் ஜிஎஸ்டி சட்டத்தின் 54(3) பிரிவில் ரீஃபண்ட் கேட்கலாம். ஆனால் ரீஃபண்டைக் கணக்கிடும் சூத்திரத்துக்குள் மூலப்பொருளுக்குக் கட்டிய வரி மட்டும்தான் நுழையும். சேவைகளுக்குக் கட்டியது நுழையாது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மிஷினுக்குக் கட்டியதும் நுழையாது. ஏற்கெனவே கிரெடிட் தேங்கி நிற்கும் ஆபீசில் அது லெட்ஜரில் எண்ணாகவே கிடக்கும். யாருக்குத் தேங்கும், யாருக்குத் தேங்காது என்பது பில்களைக் கூட்டினால்தான் தெரியும்.

"ஒரு வருசத்துக் கொள்முதல் பில்லை எடுத்து வைங்க அண்ணாச்சி, வாரேன்" என்றேன்.

மறுநாள் பில்லெல்லாம் அடுக்கி மேசைமேல் தயாராக இருந்தது. கூடவே, நான் கேட்காமலேயே, கரண்ட் பில்லும்.