கண்ணில் உறுத்திய கிராமம்

கால் கடிக்காத செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்வெட்டரும் குடையும் கையில் இருக்கட்டும். இங்கிலாந்தில் காலையில் வெயில் காய்ந்தால் மத்தியானம் மழை பெய்யாது என்று யாரும் ஜாமீன் நிற்பதில்லை! இன்று நாம் போவது டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வர்த்துக்கு. டெவன்ஷயர் பிரபுக்களின் பூர்விக மாளிகை அது. காரில் அல்ல, நடந்தே போகப் போகிறோம்.

பாஸ்லோ என்ற சிற்றூரில் புறப்படுகிறோம். கூரை வேய்ந்த பழைய வீடுகளைத் தாண்டி, ஒரு சிறு கதவைத் தள்ளினால், அப்பால் பிரபுவின் பூங்கா. "காவற்காரன் அதட்டமாட்டானோ?" என்று தயங்காதீர்கள். மாளிகைக்குள் போகத்தான் டிக்கெட். பூங்காவில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. வலப்புறம் டெர்வென்ட் நதி. எங்கு பார்த்தாலும் பசும்புல்; புல்லெல்லாம் ஆடுகள். இந்த மேடும் சரிவும் மரக்கூட்டமும் கடவுள் அமைத்தவை போலத் தோன்றும். ஆனால் 1760-களில் பிரௌன் என்ற தோட்டக்கலை நிபுணர் திட்டம் போட்டுச் செய்த வேலை இது. இயற்கையைப் போலவே செயற்கையைச் செய்வதில் அவர் மகா கெட்டிக்காரர்.

அரை மணிக்குச் சற்று மேல் நடந்தால், அதோ மாளிகை! 1826-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு ஜோஸப் பாக்ஸ்டன் என்ற இளைஞர் இங்கே வந்து சேர்ந்தார். வயது 22. தலைமைத் தோட்டக்காரர் உத்தியோகம். கதவு திறக்கவில்லை, ஏறிக் குதித்தார். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு ஏவினார். பிறகு வீட்டு நிர்வாகியான அம்மாளுடன் காலை ஆகாரத்துக்கு உட்கார்ந்தார். அங்கே அந்த அம்மாளின் உறவுப் பெண் ஸாரா! ஒன்பது மணி அடிப்பதற்குள் இருவர் மனமும் பறிபோய்விட்டது. மறு வருஷமே கல்யாணம்.

இந்தப் பாக்ஸ்டனுக்கும் உங்கள் வீட்டுப் பழத் தட்டுக்கும் சம்பந்தம் உண்டு. மொரிஷியஸ் வழியாக வந்த ஒரு வாழையை அவர் இங்கே கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார். 1835-இல் அது பூத்தது. பிரபுவின் குடும்பப் பெயரைச் சூட்டி அதைக் 'காவெண்டிஷ்' என்றார்கள். நம் கடைகளில் 'மோரிஸ்' என்றும் 'ஜி-9' என்றும் தொங்குகிறதே, அதெல்லாம் இந்தக் காவெண்டிஷ் இனந்தான்.

பாலத்தைக் கடந்து நதியின் மறுகரைக்கு வாருங்கள். மேடு ஒன்று ஏறி இறங்கியதும் ஓர் அழகான கிராமம். எழுதுவது 'எடென்ஸர்', சொல்வது 'என்ஸர்'. ஒரு வீட்டைப் போல் இன்னொரு வீடு இல்லை! ஒன்று சுவிட்ஸர்லாந்துப் பாணி, ஒன்று இத்தாலியப் பாணி, ஒன்றுக்குக் கோட்டை போன்ற முகப்பு. மாதிரிப் படங்களைக் காட்டியபோது, "எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கட்டு" என்று பிரபு சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு.

ஆனால் இந்தக் கிராமம் ஆதியில் இங்கே இல்லை. நதிக்கும் இந்த மேட்டுக்கும் நடுவில், மாளிகை ஜன்னலுக்கு நேரே இருந்தது. பெரிய மனிதர்களின் கண்ணில் அது உறுத்திற்று. ஒரு பகுதியை முன்னோர்கள் அகற்றினார்கள். மிச்சத்தை 1838 முதல் 1842 வரை ஆறாவது பிரபு அகற்றினார். மேட்டுக்கு இப்பால் புது வீடுகள் கட்டிக் கொடுக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் நம் பாக்ஸ்டன்தான். சில குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போயின. பழைய கிராமத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் பூங்காவில் இன்றும் தனியாக நிற்கிறது. அதிலிருந்த கிழவர் நகர மறுத்துவிட்டாராம்!

புது வீடு நல்ல வீடுதான். கூரை ஒழுகாது, சுவர் உதிராது. இருந்தாலும், மாமியார் மூட்டிய அடுப்பு, குழந்தை தவழ்ந்த திண்ணை, தண்ணீருக்குப் போன பாதை எல்லாவற்றையும் இன்னொருவர் ஜன்னலின் அழகுக்காக விட்டு வருவது லேசா? நீங்களே சொல்லுங்கள்.

கிராமத்து மாதா கோயிலின் பின்னே இடுகாடு. பாக்ஸ்டனும் ஸாராவும் இங்கேதான் உறங்குகிறார்கள். சற்று மேலே ஒரு சிறு கல். அமெரிக்கக் கென்னடி குடும்பத்துப் பெண் காத்லீனுடையது. 1944 மே மாதம் பிரபுவின் மூத்த மகனை மணந்தாள். மாப்பிள்ளை கத்தோலிக்கர் அல்ல என்று தாய்க்குத் தாங்கவில்லை. நாலே மாதத்தில் கணவன் பெல்ஜியத்துப் போர்முனையில் மாண்டான். 1948-இல் விமான விபத்தில் அவளும் போனாள், வயது 28. பிறந்த வீட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்தவர் தகப்பனார் மட்டுமே. புகுந்த வீடு தன் மண்ணில் இடம் கொடுத்தது. 1963 ஜூன் 29-ஆம் தேதி அண்ணன் ஜான் கென்னடி, ஜனாதிபதியாக, இங்கே வந்து நின்றார். அந்த நவம்பரில் அவரும் இல்லை. அவர் வந்துபோனதைச் சொல்லும் கல் தங்கையின் கல்லருகே இருக்கிறது.

மனத்தைத் தேற்றிக்கொண்டு, பாலத்தைத் திரும்பக் கடந்து, மாளிகைக்குப் பின்னால் உள்ள காட்டில் ஏறுவோம். மூச்சு வாங்கும், ஆனால் குளிர்ந்த நிழல். உச்சியில் ஓர் ஏரி. மாளிகைத் தோட்டத்தில் ஆகாயத்தை எட்டும் நீரூற்றுக்குப் பம்பு கிடையாது. இந்த ஏரி நீர் இறங்கும் வேகந்தான் அதை எழுப்புகிறது. ருஷ்யச் சக்கரவர்த்திக்காக 1844-இல் பாக்ஸ்டன் அமைத்தது. சக்கரவர்த்தி வரவே இல்லை!

பக்கத்தில் 1580-களில் கட்டிய வேட்டைக் கோபுரம். அதன் அடியில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரியுங்கள். கீழே மாளிகை, நதி, பச்சைப் பூங்கா. எவ்வளவு அழகு! அந்த வெற்றுப் புல்வெளியில்தான் ஒரு காலத்தில் வீடுகள் புகைந்துகொண்டிருந்தன.

ஊர் திரும்பியபின், மோரிஸ் பழம் உரிக்கும்போது சாட்ஸ்வர்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே, அடுப்பை இடம் மாற்றிக்கொண்டு போன அந்தப் பெயர் தெரியாத பெண்களையும்.